மாமாவின் களிசானில் என் ஆராய்ச்சி

தாங்கள் என்ன படிக்கிறோம் என்பதைச் சொந்தக்காரர்களுக்கு இரண்டு வரியில் சொல்லத் தெரியாதவர்கள் கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருப்பது நல்லது. எனக்கு அது தெரியவில்லை. போனேன். அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் ஆராய்ச்சி மாணவி. மிக மெல்லிய குறைகடத்தி ஒன்றின்மேல் ஒளி விழுந்தால், அதற்குள் மின்னேற்றம் எப்படி எழுந்து, எந்த வழியாக ஓடி, எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இதை அப்பாவுக்கு ஒரு விடுமுறை முழுவதும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, லுணுகலை ஆட்டோ ஸ்டாண்டில் போய், "எம்மக லைட்டுக்குப் படிக்குது" என்று அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால், லயத்தின் வரிசை வீடுகளில் யார் வீட்டு பல்ப் எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (பல்ப் மாட்டுவதில் எனக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர் இருந்தது. ஆராய்ச்சியில் அந்த அளவுக்கு இல்லை.)

மிக மெல்லிய என்றால் எவ்வளவு மெல்லிய? ஒரு தலைமுடியின் தடிப்பை லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. இதைச் செய்ய அறை நிறைய இயந்திரங்கள் வேண்டும் என்று நினைப்பீர்கள். வேண்டாம். டேப் போதும். பரிசுப் பொதி சுற்ற நாம் எல்லோரும் வாங்குகிறோமே, அதே போன்ற ஒட்டு டேப். பென்சில் கரி போலக் கறுத்து மினுங்கும் ஒரு படிகத்தின் மேல் டேப்பை ஒட்டி இழுத்தால் ஒரு படை உரிந்து வரும். அந்தப் படையின் மேல் இன்னொரு டேப்பை ஒட்டி இழுத்தால் அது இன்னும் மெலியும். இப்படியே உரித்து உரித்து, கடைசியில் ஒரு சிலிக்கன் துண்டின் மேல் அழுத்தி எடுத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் ஓரிடத்தில் நமக்கு வேண்டிய மெல்லிய தாள் கிடைக்கும்.

எங்களிடம் இருந்த படிகம் ஒன்றே ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் ஒரு நண்பரிடம் கேட்டு என் ஆராய்ச்சியை வழிநடத்திய மேடம் வாங்கித் தந்தது. பருப்பு அளவுதான் இருக்கும். அதை நான் மாதக்கணக்கில் உரித்தேன். என் கை ராசிக்கு, எல்லாம் உரிந்து முடிந்தபோது மிச்சமாக மூன்று டேப் துண்டுகளே இருந்தன. அவற்றை ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளில் வரிசையாக ஒட்டி ஒரு பைலுக்குள் வைத்தேன். அந்த மூன்று துண்டுகளுக்குள்தான் என் பட்டம் இருந்தது. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் அளவெடுக்க நீண்ட நாள் காத்திருந்து எங்களுக்கு ஒரு திங்கட்கிழமை கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அதற்கு முந்தைய நாள்தான் ரேணுகா அக்காவின் கல்யாணம். பெரியம்மா மகள். கல்யாணம் ஹல்துமுல்லையில். கொழும்பு பஸ் அந்த மண்டப வாசலிலேயே போகும். கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறலாம் என்பது என் திட்டம். அறிவாளிகள் இப்படித்தான் திட்டமிடுவார்கள். ஆகவே பைலோடு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை மாலை அம்மா ஒரு சுவர் மணிக்கூட்டையும் பளபளப்புத் தாளையும் என் முன்னால் வைத்தார்.

"பாப்பா, இதச் சுத்தி வச்சிரு. காலையில மாமா வேன்ல குடுத்தனுப்பணும்."

"அஞ்சு நிமிஷத்துல சுத்துறேம்மா" என்றேன். கையில் போன் இருந்தது. அந்த ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை.

மறுநாள் விடியும்போதே அம்மாவும் மற்ற சொந்தங்களும் மாமாவின் வேனில் புறப்பட்டுவிட்டார்கள். நானும் அப்பாவும் பின்னால் அவருடைய ஆட்டோவில் போவதாக ஏற்பாடு. சேலை கட்டி முடித்து, கொழும்புப் பையை அடுக்கும்போது, எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்று பைலைத் திறந்தேன். பிளாஸ்டிக் தாள் இருந்தது. அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

"அப்பா!"

நான் போட்ட சத்தத்தில் அப்பா சவரக் கத்தியோடு ஓடி வந்தார். வெறும் தாளைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"ஓ, அதுவா? நேத்து நீ மறந்துட்டு தூங்கிட்ட. நான்தான் பரிசச் சுத்துனேன். வீட்டுல டேப் முடிஞ்சிருச்சு. தேடிப் பாத்தா, நீ வெட்டி ரெடியா ஒட்டி வச்சிருந்த. படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளதான்னு அம்மாகிட்டக்கூட சொன்னேன்."

"அப்பா, அதுல கறுப்பா ஒண்ணு இருந்துச்சே..."

"ஆமா பாப்பா, ஒரே அழுக்கு. அதான் ஆளுங்க கண்ணுக்குத் தெரியாம அடிப்பக்கமா ரெண்டு, பக்கவாட்டுல ஒண்ணுன்னு ஒட்டிட்டேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது என்ன டேப் என்று சொன்னேன். அப்பா ஒரு கன்னத்தில் சவர நுரையோடு அப்படியே போய் ஆட்டோவை ஸ்டார்ட் செய்தார்.

லுணுகலையிலிருந்து ஹல்துமுல்லைக்கு ஆட்டோவில் போவது யாரும் விரும்பிச் செய்கிற காரியம் அல்ல. பசறை, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை என்று வளைந்து வளைந்து ஏறி இறங்க வேண்டும். அப்பா அன்று எங்கள் ஊர்ச் சாலையை ஒரு நேர்கோடாகவே நினைத்து ஓட்டினார். நான் மாமாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். பதுளையைத் தாண்டிய பிறகுதான் எடுத்தார். பின்னணியில் மேளச் சத்தம்.

"மாமா! அந்தப் பரிச யாருகிட்டயும் குடுத்துராதீங்க!"

"என்னது? யாருகிட்டக் குடுத்தேன்னா? பொண்ணு கையிலயே குடுத்துட்டேன் பாப்பா! நீ கவலையே படாத!"

நாங்கள் மண்டபத்தை அடைந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. மணமக்கள் மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் என் தலை கலைந்து விறைத்து நின்றது. அப்பாவின் கன்னத்தில் நுரை காய்ந்து சந்தனம் போல ஆகியிருந்தது. யாரோ ஒருவர் அவரைப் பார்த்து, "சடங்குல நீங்களும் இருந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பரிசுகள் மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் குவிந்திருந்தன. பதுளை பஸாரில் அந்த மாதம் சிவப்பில் தங்கப்பூப் போட்ட ஒரு தாள் வந்திருந்தது போலும். பாதிக் குவியல் அதே தாளில் இருந்தது. அதில் பாதி சுவர் மணிக்கூட்டு வடிவத்தில் இருந்தது. பெயர்ச் சீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், "டேப் பத்தல, அதான் பேர ஒட்டல. மாமாகிட்ட வாயால சொல்லச் சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

அப்பாவை வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டு உள்ளே போனேன். (காவலுக்கு நின்ற அப்பாவை யாரோ பலகாரம் கொடுத்துக் கூட்டிப்போய்விட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.) பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு பொதியாகத் தலைகீழாகப் புரட்டினேன். அறையில் வெளிச்சம் குறைவு. எல்லா டேப்பும் ஒரே மாதிரி தெரிந்தது. ஒன்றில் கொஞ்சம் கறுப்பாக ஏதோ இருக்கவே, நகத்தால் சுரண்டி உரித்தேன். தாள் சர்ரென்று கிழிந்து, உள்ளே இருந்து ஒரு கண்ணாடி ஜக் எட்டிப் பார்த்தது. அதே நேரத்தில் கதவு திறந்தது.

மாப்பிள்ளையின் அத்தை. பெயர் ராசாத்தி. பெயருக்கு ஏற்ற உடம்பும் குரலும். மேசைக்கு அடியிலிருந்து ஜக்கோடு வெளியே வந்த என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"யாரு நீ? இங்க என்ன செய்ற?"

எனக்கு வாயில் வந்த முதல் சொல், "ஆராய்ச்சி."

"ஆராயிறியா? அடுத்தவுங்க பரிச ஒளிஞ்சிருந்து ஆராயிறியா?"

என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையோடு, ஜக்கும் நானுமாக, மண்டபத்தின் நடுவுக்கு இழுத்து வந்தார். மேளம் நின்றது. அத்தனை பேரும் திரும்பினார்கள். எங்கிருந்தோ அப்பா கையில் முறுக்கோடு ஓடி வந்தார்.

"அது என் மகங்க! திருட வரலைங்க! டேப்ப எடுக்க வந்துச்சு!"

"டேப்பா?"

"ஆமாங்க. பரிசுல நான் ஒட்டுன டேப்பு."

ராசாத்தி அத்தை ஊரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "குடுத்த பரிசத் திருப்பிக் கேட்டவுங்கள பாத்திருக்கேன். ஒட்டுன டேப்பத் திருப்பி எடுக்குற குடும்பத்த இப்பதான்யா பாக்குறேன்."

சிரிப்பு எழுந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மேடையில் பெரியம்மா விறைத்துப்போய் நின்றார். முதல் நாளே சம்பந்தி வீட்டாரின் முன் தன் வீட்டு மானம் இப்படிக் கப்பலேறும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கவேண்டும் என்று விரும்பினேன். மண்சரிவுக்குப் பெயர்போன மாவட்டம், அன்று பார்த்து அசையாமல் இருந்தது.

அப்போது மாலையும் கழுத்துமாக ரேணுகா அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"அத்த, இது என் தங்கச்சி. கம்பஸ்ல படிக்கிறா. காரணமில்லாம செய்யமாட்டா. என்னன்னு அவளே சொல்லட்டும்."

கல்யாணப் பெண் சொன்னால் மறுக்க முடியாது. கூட்டம் கேட்பதற்கு நெருங்கி வந்தது. ராசாத்தி அத்தை மட்டும் மணிக்கட்டை விடவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாநாட்டுக்காக மனப்பாடம் செய்திருந்ததைத் தொடங்கினேன்.

"குறைகடத்தியில் ஒளி விழும்போது இலத்திரனும் துளையும் இணையாக..."

"என்ன துளை?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"பதுளை" என்றார் பக்கத்தில் இருந்தவர். மறுபடியும் சிரிப்பு.

அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, சாப்பாட்டு அறை வாசலை ஒட்டிய நாற்காலி வரிசை கண்ணில் பட்டது. நாங்கள் போட்ட கூத்துக்கு நடுவிலும் அந்த வரிசை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனப்பாடத்தை விட்டுவிட்டேன்.

"அந்த வரிசையப் பாருங்க. வாசலுக்குக் கிட்ட இருந்தவரு எந்திரிச்சு உள்ள ஓடிட்டாரு. அவரு எடம் காலி. பக்கத்துல உள்ளவரு அதுக்கு நகர்ந்துட்டாரு. இப்ப இவரு எடம் காலி. அடுத்தவரும் நகர்றாரு. ஆளுங்க வாசல் பக்கம் போறாங்க, காலி எடம் எதிர்ப்பக்கம் போகுது. ஆளுங்கதான் இலத்திரன், அதாவது எலக்ட்ரான். அந்தக் காலி எடம்தான் துளை. வெளிச்சம் பட்டா நான் படிக்கிற பொருளுக்குள்ளயும் இதான் நடக்கும். ஓடுனது ஒரு பக்கமும் காலி எடம் மறுபக்கமும் போய்ச் சேர்ந்தா கரண்ட். ஓடுனதே திரும்பி வந்து காலி எடத்துல உக்காந்துட்டா ஒண்ணுமில்ல."

நாற்காலி வரிசையில் இருந்தவர்கள் திடுக்கிட்டு, நகர்வதை நிறுத்தினார்கள்.

"சரி, நடுவுல எதாச்சும் தடங்கல் வந்தா?" என்று மாப்பிள்ளை கேட்டார். பாவம், அவருக்கு அன்று நின்றுகொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

"வரும் அத்தான். போற வழியில யாராச்சும் கையப் புடிச்சு நிறுத்திருவாங்க. அத நாங்க பொறின்னு சொல்லுவோம், எலிப்பொறி மாதிரி."

எல்லோரும் என் மணிக்கட்டைப் பார்த்தார்கள். ராசாத்தி அத்தையும் பார்த்தார். பிடியைச் சற்றுத் தளர்த்தினார். விடவில்லை.

"இதுனால யாருக்கு என்ன பலன்?" என்று அவர்தான் கேட்டார்.

"ரொம்ப மங்கலான வெளிச்சத்தையும் பாக்குற கண்ணு செய்யலாம் அத்த. தாள் மாதிரி மெல்லிசான கேமரா செய்யலாம். அதுக்கான பொருள் எங்ககிட்ட இருந்தது அவ்வளவுதான். நாளைக்குக் கொழும்புல அளக்கணும். அந்த டேப்புலதான் இருக்கு."

கேமரா என்ற சொல் கேட்டதும் வீடியோக்காரர் ரிஸ்வான் நிமிர்ந்தார். பதுளையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்; அண்ணன் முறையில் அவரை நானா என்று கூப்பிடுவோம். அதுவரை மணமக்களை விட்டுவிட்டு என்னைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அந்தச் சாமான் லைட் பட்டா மினுங்குமா?"

"மினுங்கும் நானா. வெள்ளியும் கரியும் கலந்த மாதிரி."

"அப்ப ஏன் இருட்டுக்குள்ள தேடுறீங்க?" என்று தன் பெரிய விளக்கைக் கழற்றினார்.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துவிடும். ராசாத்தி அத்தை என் கையை விட்டுவிட்டு, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஆளுக்கு ஒண்ணு தூக்குங்க! அடிப்பக்கத்த லைட்டுக்குக் காட்டுங்க! கிழிக்கப்படாது!" என்று கட்டளையிட்டார். பந்தி நின்றது. சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். மேளக்காரர்கள்கூட ஆளுக்கொரு பொதியைத் தூக்கிக்கொண்டார்கள். அரை நிமிடத்துக்கு முன்னால் என்னைத் திருடி என்று நினைத்தவர்கள், பசியோடு, பட்டு வேட்டி சேலையோடு, பரிசுகளைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார்கள். ரிஸ்வான் நானா விளக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

"இந்தா! மின்னுது!" ராசாத்தி அத்தையின் குரல்தான்.

அது எங்கள் பொதிதான். அடியில் இரண்டு துண்டுகள். அக்கா தன் அலங்காரப் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். தாளோடு சேர்த்து வெட்டி எடுத்தேன். ஒரு துண்டில் குங்குமம் அப்பி, ஒரு மல்லிகை இதழும் நசுங்கி ஒட்டியிருந்தது. இன்னொன்று பாதி தேறும். மூன்றாவதைக் காணவில்லை. பக்கவாட்டில் அது இருந்த தடம் மட்டும் இருந்தது.

வேன், வாசல், மேடை எல்லாம் தேடினோம். கடைசியில் ரிஸ்வான் நானா காலையிலிருந்து எடுத்த வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"தங்கச்சி, உங்கட மாமாட களிசான்ல பின்னுக்கு என்னமோ மினுங்குது."

களிசான் என்றால் எங்கள் பக்கத்தில் காற்சட்டை. மாமா வேனை ஓட்டிவந்த நேரம் முழுவதும் பரிசைப் பத்திரமாகத் தன் இருக்கையிலேயே இடுப்புக்குப் பின்னால் அணைத்து வைத்திருந்திருக்கிறார். மேடையேறி மணமக்களை வாழ்த்தியதும், பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்ததும், எல்லாம் என் ஆராய்ச்சியோடுதான்.

"மாமா, அசையாதீங்க!" என்றேன்.

அவர் அசையவில்லை. களிசான் அணிந்த ஒரு மனிதர் மண்டபத்தின் நடுவில் குனிந்து நிற்க, பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் அவருக்குப் பின்னால் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு டேப்பை மெல்ல உரிக்க, ஊரே சுற்றி நின்று பார்த்தது. டேப் முழுசாக வந்ததும் கைதட்டினார்கள். தாலி கட்டியபோதுகூட அவ்வளவு சத்தம் கேட்கவில்லை என்று பெரியம்மா இன்றும் குறைப்படுவார். ஆனால் அன்று முதலில் கைதட்டியவர் அவர்தான்.

கொழும்பு பஸ்ஸை ராசாத்தி அத்தை நடுரோட்டில் நின்று கை காட்டி நிறுத்தினார். என் கையில் ஒரு சாப்பாட்டுப் பார்சலைத் திணித்தார். "ஒன்னையத் திருடின்னு நெனச்சிட்டேன் தாயி. நல்லபடியா அளந்துட்டு வா" என்றார். அப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். பஸ் நகரும்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓடி வந்து, "பாப்பா, நான் அழுத்தமாத்தான் ஒட்டுனேன்... அதுனால ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது அப்பா என்றேன். நம்பிச் சொல்லவில்லை. ஆனால் உண்மையாகவே ஒன்றும் ஆகவில்லை.

படிகத்தின் நல்ல குணம் அது. மேலே எவ்வளவு அழுக்குப் பட்டாலும் இன்னொரு முறை உரித்தால் உள்ளே புதிய பரப்பு கிடைக்கும். மாமாவிடமிருந்து மீட்ட துண்டை மீண்டும் உரித்ததில் சுத்தமான தாள் ஒன்று கிடைத்தது. ஒளி பட்டதும் மின்னோட்டம் எழுந்தது, ஒளியை அணைத்ததும் உடனே விழுந்தது. பரிசின் அடியில் இருந்த துண்டிலிருந்து, மறுபடி உரிக்காமல் அப்படியே அழுத்தி எடுத்த தாள் வேறு மாதிரி நடந்துகொண்டது. அதன் பரப்பில் அழுக்கால் உண்டான பொறிகள் நிறைய. துளைகள் அவற்றில் மாட்டிக்கொண்டன. அவை மாட்டியிருந்த நேரமெல்லாம் இலத்திரன்கள் சுற்றிச் சுற்றி ஓடின. அதனால் மின்னோட்டம் பல மடங்கு பெரிதாக இருந்தது. விளக்கை அணைத்தாலும் விழுவதற்கு நேரம் எடுத்தது. ஒன்றுக்கு வேகம், மற்றதற்கு மங்கலான ஒளியையும் உணரும் கூர்மை. இரண்டையும் ஒப்பிட்டு எழுதியதுதான் என் ஆய்வேட்டில் மேடம் பாராட்டிய ஒரே அத்தியாயம்.

"இந்த இரண்டாவது மாதிரி எங்கே இருந்தது?" என்று அவர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, எப்படி எழுதவேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். 'சாதாரணச் சூழலில், கட்டுப்படுத்தப்படாத கையாளுதலுக்கு உட்பட்ட மாதிரி' என்று அச்சில் இருக்கிறது. நன்றியுரையில் மட்டும் நான் எதையும் மறைக்கவில்லை. அப்பாவுக்கும், ஒரு மணப்பெண்ணுக்கும், பசியோடு பொதி தூக்கிய ஒரு மண்டபத்துக்கும், ஒரு களிசானுக்கும் அதில் நன்றி சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் எனக்குக் கல்யாணம் நடந்தது. பதுளையில்தான். வந்தவர்கள் பரிசு தந்துகொண்டே இருந்தார்கள், நான் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். சில பேர் பரிசை நீட்டும்போது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது காரணம் புரியவில்லை. எல்லாம் முடிந்து பிரிக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். பெரியம்மா, ரேணுகா அக்கா, மாமா, ராசாத்தி அத்தை, மேளக்காரர்கள் என்று ஒருவர் விடாமல் பேசி வைத்துக்கொண்டது போல, அத்தனை பொதிகளும் நூலால் கட்டப்பட்டிருந்தன. ஒன்றில்கூட டேப் இல்லை.

என் கணவர் முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் கத்தி எடுக்கப் போனார். நான் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கையாலேயே அவிழ்த்தேன்.